சாமி கண்ணைக் குத்தாது என்று தெரிந்த பிறகும்: மதமும் ஒழுக்கமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயிலுக்கு வருவதில்லை, விரதம் இல்லை, நெற்றியில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டால் உறவினர்களும் நண்பர்களும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். சிலர் அக்கறையோடு கேட்கிறார்கள், சிலர் மடக்கிப் பார்க்கக் கேட்கிறார்கள். இரு தரப்புக்கும் பதில் ஒன்றே என்பதால் தொகுத்து வைத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே பெரியாரில் தொடங்கிப் பெரியாரிலேயே முடிந்துவிடும். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். ஆகவே பக்கத்து மாநிலத்து மனிதர் ஒருவரை நடுவில் நிறுத்தியிருக்கிறேன்.

மதம் இல்லாமல் ஒருவர் ஒழுக்கமாக வாழ முடியுமா?

முடியும். இதில் விவாதிக்க அதிகம் இல்லை. எந்தக் கோயில் வாசலையும் மிதிக்காமல், கடனாக வாங்கிய பணத்தைச் சொன்ன தேதியில் திருப்பித் தருபவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். செவ்வாய்க்கிழமை தவறாமல் எலுமிச்சை விளக்கு ஏற்றிவிட்டுச் சீட்டுப் பணத்தோடு ஊரைவிட்டு ஓடியவரையும் பார்த்திருப்பீர்கள். இதற்கு நேர்மாறான இரண்டு பேரையும் பார்த்திருப்பீர்கள். ஆள் கணக்கு எடுத்து எந்தப் பக்கமும் வெல்ல முடியாது.

எனக்குக் கடினமாகப் படும் கேள்வி வேறு. நாம் வழி தவறும்போது, ‘ஏனப்பா இப்படிச் செய்தாய்?’ என்று கேட்க யார் இருக்கிறார்கள்? மதம் அந்த இடத்தில் நீண்ட காலமாக ஒருவரை உட்கார வைத்திருக்கிறது: மேலே ஒரு கடவுள், கீழே ஒரு பாதிரியாரோ ஜமாத்தோ ஊர்ப் பெரியவரோ. மதத்தை விட்டவர் அந்த நாற்காலியில் யாரை உட்கார வைத்தார்? காலியாக விட்டுவிட்டாரா? கீழே உள்ள பதில்களில் பலவும் இந்த நாற்காலியைச் சுற்றித்தான் வரும்.

வாயால் சொல்வது எளிது. கடவுளை விட்டுவிட்டு அறத்தோடு வாழ்ந்தவர் என்று ஒருவரைக் காட்ட முடியுமா?

கோபராஜு ராமச்சந்திர ராவ். ‘கோரா’ என்றால்தான் ஆந்திரத்தில் தெரியும். 1902இல் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர், சென்னையில் தாவரவியல் படித்தவர். அவருடைய தொடக்ககால வேலைகளில் நம் பக்கத்துத் தொடர்பும் உண்டு: மதுரை அமெரிக்கன் கல்லூரியில் விரிவுரையாளர், பிறகு கோயம்புத்தூரில் பருத்தி ஆராய்ச்சி, அடுத்து கொழும்பு ஆனந்தா கல்லூரி. பூணூலைக் கழற்றியதற்காகத் தந்தை வீட்டைவிட்டு அனுப்பினார். காக்கிநாடாவில் நாத்திகம் பேசியதற்காகக் கல்லூரி வேலை போனது. மசூலிப்பட்டினத்தில் அடுத்த கல்லூரி வேலையும் அதே காரணத்தால் நிலைக்கவில்லை. 1940இல் வேலை என்கிற எண்ணத்தையே விட்டுவிட்டு மனைவி சரஸ்வதியோடும் குழந்தைகளோடும் கிருஷ்ணா மாவட்டத்து முதுனூர் கிராமத்துக்குப் போய் நாத்திக மையத்தைத் தொடங்கினார். 1947இல் அது விஜயவாடாவுக்கு இடம் மாறியது.

கவனிக்க வேண்டியது, கடவுள் இல்லை என்று சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை. தாழ்த்தப்பட்டோர் தெருவில் முதியோர் கல்வி நடத்தினார்கள். பௌர்ணமி இரவுகளில் எல்லாச் சாதியினரும் சேர்ந்து உண்ணும் சமபந்தி நடத்தினார்கள். பேய் வீடு என்று ஊர் ஒதுக்கிய இடத்தில் குடியிருப்பது, தீ மிதித்துக் காட்டுவது, கர்ப்பிணிகளைக் கிரகணம் பார்க்கச் செய்வது என்று மூடநம்பிக்கைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களைப் பார்த்தாலே வீட்டின் போக்கு தெரிந்துவிடும். உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த 1930இல் பிறந்த மகன் லவணம் (உப்பு); இன்னொரு மகன் சமரம் (போர்).

கோராவின் வாதம் எளிமையானது. நடப்பதெல்லாம் அவன் செயல் என்று சொல்லும் மனிதன் தன் செயலுக்குப் பொறுப்பைக் கைகழுவுகிறான். மேலே யாரும் இல்லை என்று ஒப்புக்கொண்டால், என் பக்கத்து வீட்டுக்காரனுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே நாத்திகனுக்கு ஒழுக்கம் கூடுதலாகத் தேவைப்படுகிறதே தவிர, குறைவாக அல்ல. ஒளிவுமறைவு இல்லாத வாழ்க்கை என்பதை அவர் கிட்டத்தட்ட ஒரு விரதமாகவே வைத்திருந்தார். (விரதம் என்ற சொல்லை அவர் ரசித்திருக்கமாட்டார்.)

ராம நாமத்தோடு வாழ்ந்த காந்தி இவரை எப்படிச் சகித்துக்கொண்டார்?

சகித்துக்கொண்டார் என்பது போதாது. அழைத்து உட்கார வைத்துப் பேசினார். 1930இலேயே கோரா காந்திக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நேரில் சந்தித்தது 1944 இறுதியில், சேவாகிராமத்தில். தீண்டாமை ஒழிப்பு வேலைக்குக் கடவுள் நம்பிக்கை உதவுமா, தடையா என்பதுதான் பேச்சின் மையம். இந்து, முஸ்லிம், ஹரிஜன் என்ற பெயர்ப்பலகைகள் இருக்கும்வரை தீண்டாமை போகாது; மனிதனை மனிதனாக மட்டும் பார்க்க நாத்திகம் வழி செய்கிறது என்றார் கோரா. தன் ஆத்திகம் சரி என்றோ கோராவின் நாத்திகம் தவறு என்றோ தன்னால் சொல்ல முடியாது, இருவரும் உண்மையைத் தேடுகிறவர்கள் என்பது காந்தியின் நிலை. கடவுளே உண்மை என்று வெகுகாலம் சொல்லிவந்தவர், 1931 வாக்கில் உண்மையே கடவுள் என்று திருப்பிப் போட்டிருந்தார். நாத்திகன் உள்ளே வரக் கதவைத் திறந்து வைத்ததும் அந்தத் திருப்பம்தான்.

சோதனை ஒரு கல்யாணத்தில் வந்தது. கோராவின் மூத்த மகள் மனோரமாவுக்கும் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த இளைஞர் அர்ஜுன ராவுக்கும் திருமணம் பேசினார்கள். சாதி மறுப்புத் திருமணமாக, அதுவும் மணமக்களில் ஒருவர் ஹரிஜனாக இருந்தால்தான் வாழ்த்துவேன் என்று காந்தி அப்போது உறுதியாக இருந்தார். தன் ஆசிரமத்திலேயே நடத்திவைக்கிறேன் என்றார். உடனே வேண்டாம், சில காலம் பொறுங்கள் என்று சொல்லி அர்ஜுன ராவைச் சேவாகிராமத்தில் தங்கிப் பயிற்சி பெறவும் வைத்தார். ஆனால் ஆசிரமத் திருமணத்தில் கடவுள் பெயரால் உறுதிமொழி எடுக்க வேண்டும். நாத்திகர் வீட்டுப் பெண் அதை எப்படிச் சொல்வாள்? காந்தி யோசித்துத் தந்த தீர்வு: ‘கடவுளின் பெயரால்’ என்ற இடத்தில் ‘உண்மையின் பெயரால்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தத் திருமணத்தை அவர் பார்க்கவில்லை. 1948 ஜனவரி 30இல் கொல்லப்பட்டார். மார்ச் மாதம் சேவாகிராமத்தில், அவர் சொன்ன மாற்றத்தோடே திருமணம் நடந்தது.

மதமும் ஒழுக்கமும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கல்யாணம்தான் நினைவுக்கு வரும். தீவிர பக்தர் ஒருவரும் தீவிர நாத்திகர் ஒருவரும் முதல் காரணத்தில் முற்றிலும் வேறுபட்டு, என்ன செய்ய வேண்டும் என்பதில் ஒரே இடத்துக்கு வந்தார்கள். தத்துவப் பேராசிரியர்கள் இந்த நூலைப் படி, அந்த நூலைப் படி என்பார்கள். எனக்கு இந்தச் சம்பவம் போதும்.

கடவுள் சொன்னதால்தானே ஒன்று நல்லதாகிறது? அவர் இல்லையென்றால் நல்லது கெட்டது என்று சொல்ல அளவுகோல் ஏது?

பழைய கேள்வி. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் பிளேட்டோ எழுதிய உரையாடலில் சாக்ரட்டீஸ் இதைப் புரட்டிப் போட்டுக் கேட்கிறார். தெய்வங்கள் விரும்புவதால் ஒன்று நல்லதாகிறதா, அது நல்லதாக இருப்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா? முதலாவது சரியென்றால், நாளைக்கே தெய்வம் திருடச் சொன்னால் திருட்டு அறமாகிவிடும். இரண்டாவது சரியென்றால் அளவுகோல் தெய்வத்துக்கு வெளியே இருக்கிறது. தெய்வமும் அதைப் பார்த்துத்தான் அளக்கிறது. இதற்குப் பக்தியுள்ள தத்துவவாதிகள் தந்த பதில்களும் இருக்கின்றன, கடவுளின் இயல்பே நன்மை என்பது அவற்றில் வலுவானது. எனக்கு அது கேள்வியை ஒரு படி தள்ளிவைப்பதாகவே படுகிறது.

ஏதென்ஸ் வரை போக வேண்டாம், மதுரைக்கு வாருங்கள். 1939 ஜூலை 8. காங்கிரஸ்காரரான வைத்தியநாத ஐயர், அதுவரை வாசலோடு நிறுத்தப்பட்டிருந்த சமூகங்களைச் சேர்ந்தவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். உடன் சென்றவர்களில் பின்னாளில் அமைச்சரான கக்கனும் ஒருவர். வைத்தியநாத ஐயர் ஆசாரமான பக்தர். அவரை எதிர்த்தவர்களும் ஆசாரமான பக்தர்கள். தீட்டுப்பட்ட கோயிலில் பூசை செய்யமாட்டோம் என்று சில பட்டர்கள் வர மறுத்தார்கள். ஒரே அம்மன், ஒரே கருவறை, இரண்டு தீர்ப்பு. அம்மன் எந்தப் பக்கம் என்று அம்மனைக் கேட்டு முடிவு செய்ய வழியில்லை. அந்தப் பக்தர்கள் தங்களுக்குள் இருந்த வேறு ஏதோ ஒன்றை வைத்துத்தான் முடிவெடுத்தார்கள். இன்று அந்த ஊரில் எந்தப் பக்தரைக் கேட்டாலும் ஐயர் செய்ததே தர்மம் என்பார். அளவுகோலை எங்கே வைத்திருக்கிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நரகம், மறுபிறவி என்ற பயம் இல்லாவிட்டால் மனிதன் எதையும் செய்வானே?

‘அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும்’ என்பது கையாலாகாத நேரத்தில் பெரிய ஆறுதல். ஆனால் இலஞ்சம் வாங்கும் கை அந்தப் பழமொழிக்கு நடுங்கி நான் பார்த்ததில்லை. வாங்கியதில் ஒரு பங்கை உண்டியலில் போட்டுவிட்டுக் கணக்கு நேராகிவிட்டது என்று வீடு திரும்புகிறவர்கள் உண்டு. தண்டனையைப் பேரம் பேசிக் குறைக்கலாம் என்றால் பயத்துக்கு என்ன மதிப்பு?

நம் முன்னோர்கள் இந்தப் பேரத்தை ரசிக்கவில்லை. புறநானூற்றின் 134ஆம் பாடலில், உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் என்ற வள்ளலைப் பாடும்போது சொல்கிறார்:

*இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம்எனும்*
*அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்*

இப்போது கொடுத்தால் மறுமையில் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு அறத்தை விலைக்கு வாங்கும் வியாபாரி அல்ல ஆய். சான்றோர் நடந்த வழி இது என்பதற்காகக் கொடுக்கிறான். வள்ளுவர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். ‘நல்லாறு எனினும் கொளல்தீது மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று’ என்பது 222ஆம் குறள். மேலுலகம் இல்லை என்று வைத்துக்கொண்டாலும் கொடுப்பதே நல்லது. முதல் அதிகாரத்திலேயே கடவுளை வாழ்த்தியவர் சொன்ன வார்த்தை இது. அவரை நாத்திகராக்க நான் முயலவில்லை. அது வேறு ஒரு கூட்டத்தின் வேலை. ஈகைக்கும் மேலுலகத்துக்கும் இடையில் இருந்த கயிற்றை அவர் தயங்காமல் அறுத்துவிட்டார் என்பதை மட்டும் சுட்டிக்காட்டுகிறேன்.

அறிவியல் ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பக்தர்கள் கூடுதலாக உதவுகிறார்களா?

தீர்மானமான ஒற்றைப் பதில் கிடையாது. இரண்டு ஆய்வுகளை மட்டும் சொல்கிறேன்.

1973இல் வெளிவந்தது ஒன்று. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில், பாதிரியார்களாகப் படித்துக்கொண்டிருந்த 40 இறையியல் மாணவர்களை டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் சோதித்தார்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்த வேண்டும். சிலருக்குத் தலைப்பு, நல்ல சமாரியன் உவமை. அதாவது வழியில் அடிபட்டுக் கிடந்தவனை மதகுருக்கள் கண்டும் காணாமல் போக, வேற்று இனத்தான் ஒருவன் நின்று உதவிய கதை. போகும் வழியில் ஒருவர் வாசற்படியில் சுருண்டு உட்கார்ந்து இருமி முனகிக்கொண்டிருந்தார். அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடுங்கள் என்று சொல்லப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். எந்தத் தலைப்பில் பேசப் போகிறார்கள் என்பதால் குறிப்பிடும்படியான வித்தியாசம் ஏற்படவில்லை. சமாரியன் கதையைச் சொல்வதற்கு விரைந்தவர்களில் சிலர் அந்த ஆளைத் தாண்டிக் குதித்தே போனார்களாம்.

மற்றொன்று 2015இல் வெளிவந்தது, மொராக்கோவின் மராகேஷ் நகரக் கடைத்தெருவில் நடந்தது. கடைக்காரர்களிடம், பணத்தை நீங்களே வைத்துக்கொள்கிறீர்களா அல்லது தர்மத்துக்குக் கொடுக்கிறீர்களா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பள்ளிவாசலில் பாங்கு ஒலித்துக்கொண்டிருந்த நேரத்தில் கேட்டபோது தர்மத்துக்குக் கொடுத்தவர்கள் அதிகம். அதே தெரு, அதே நம்பிக்கை. பாங்கு ஒலிக்காத நேரத்தில் குறைவு.

இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது: நெஞ்சுக்குள் இருக்கும் நம்பிக்கை தானாக வேலை செய்வது குறைவு. யாரோ நினைவுபடுத்தும்போது வேலை செய்கிறது. மதத்தின் உண்மையான பலம் அந்த நினைவூட்டல். ஒரு நாளைக்கு ஐந்து முறை, வாரத்துக்கு ஒரு முறை, மாதத்துக்கு ஒரு கிருத்திகை என்று அது சலிக்காமல் கதவைத் தட்டுகிறது. பகுத்தறிவாளர்கள் இதை ஏளனம் செய்வதை விட்டுவிட்டுப் பொறாமைப்பட வேண்டும். கோராவின் பௌர்ணமிச் சமபந்தியை இந்தக் கண்ணோடு பார்த்தால் அவர் விஷயம் தெரிந்தவர் என்பது விளங்கும்.

உலக மக்கள் என்ன நினைக்கிறார்கள்?

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019இல் 34 நாடுகளில் இதே கேள்வியைக் கேட்டது. நல்லவராக இருக்கக் கடவுள் நம்பிக்கை அவசியம் என்று இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் 96 சதவீதம் பேர் சொன்னார்கள். ஒன்று முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு, மற்றது கத்தோலிக்க நாடு. இந்தியாவில் 79. சுவீடனில் 9. பெரும்பான்மை எதை நம்புகிறது என்பது தெரிகிறது. எது உண்மை என்பது இதில் தெரியாது.

நாத்திக அரசுகள் கொன்று குவிக்கவில்லையா?

குவித்தன. மழுப்பக் கூடாது. சோவியத் அரசு பாதிரியார்களைச் சுட்டது. அல்பேனியா 1967இல் தன்னை நாத்திக நாடு என்று அறிவித்து எல்லா வழிபாட்டு இடங்களையும் மூடியது. கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்; புத்த பிக்குகளின் காவியைக் கழற்றி வயலில் வேலைக்கு அனுப்பினார்கள், பலரைக் கொன்றார்கள்.

‘அவர்கள் கொன்றது கம்யூனிசத்துக்காக, நாத்திகத்துக்காக அல்ல’ என்று சில நண்பர்கள் தப்பிக்கப் பார்ப்பார்கள். சிலுவைப் போர் நிலத்துக்காக, மதத்துக்காக அல்ல என்று அடுத்த பக்கமும் அதே வழியில் தப்பிக்கலாம். இரண்டுமே எனக்கு ஏற்புடையதல்ல. கெமர் ரூஜ் கடவுளைத் தூக்கியெறிந்துவிட்டு அந்த நாற்காலியில் கட்சியை உட்கார வைத்தது. கட்சியை ஏன் என்று கேட்க யாருமில்லை. கேட்பாரற்ற அதிகாரம் காவி கட்டியிருந்தாலும் சிவப்புத் துண்டு கட்டியிருந்தாலும் செய்யும் வேலை ஒன்றே.

மதத்தால் நடந்த நன்மைகளை ஒப்புக்கொள்கிறீர்களா?

தாராளமாக. 1867இல் வடலூரில் வள்ளலார் தொடங்கிய தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. சாதி கேட்காமல் சோறு போடுகிறார்கள். வாடிய பயிரைக் கண்டு வாடியவர் கடவுளை விட்டவரல்லர், கடவுளில் மூழ்கியவர். அதே கடவுளின் பெயரால் சாதியும் சமயச் சடங்கும் காப்பாற்றப்படுவதை அவர் கடைசியில் வெளிப்படையாகவே தள்ளினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு இடம், மதமும் மதமின்மையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கை வைத்த ஊர். ஆந்திரக் கடலோரத்தில் ஸ்டூவர்ட்புரம். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் எருகுல மக்களைக் குடியேற்றி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ அமைப்பு நிர்வகித்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி தந்தார்கள், பெரியவர்களுக்கு வேலை தந்தார்கள். கூடவே வருகைப் பதிவேடும் அனுமதிச் சீட்டும். சட்டம் போன பிறகும் திருடர் ஊர் என்ற பெயர் போகவில்லை. 1970களில் அங்கே போய் அந்தக் குடும்பங்களோடு பழகி மறுவாழ்வுப் பணி செய்தவர்கள் கோராவின் மகன் லவணமும் அவர் மனைவி ஹேமலதாவும். ஹேமலதா, தெலுங்குக் கவிஞர் குர்ரம் ஜாஷுவாவின் மகள். லவணமோ, ஆந்திரத்தில் காந்தியின் சீடர் விநோபா நிலதானம் கேட்டுப் பூதான நடைப்பயணம் போனபோது அவருடைய ஆன்மிகப் பேச்சுகளைத் தெலுங்கில் மொழிபெயர்த்த நாத்திகர். இந்தக் குடும்பத்தில் யாரும் யாரோடும் சேர்ந்து வேலை செய்யத் தயங்கியதாகத் தெரியவில்லை.

நீதிமன்றத்தில் எதன் மேல் சத்தியம் செய்வீர்கள்?

சினிமாவில் வருவதுபோல் பகவத் கீதையை யாரும் நீட்டமாட்டார்கள். 1969ஆம் ஆண்டின் சத்தியப்பிரமாணச் சட்டத்தின்படி இரண்டு வழிகள் உண்டு: கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். இரண்டுக்கும் ஒரே மதிப்பு. பொய் சொன்னால் ஒரே தண்டனை. அமைச்சர்கள் பதவியேற்கும்போதும் அரசமைப்பின் மூன்றாம் அட்டவணை அதே இரண்டு வாய்ப்புகளைத் தருகிறது.

அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் இப்படி ஓர் அழகு ஒளிந்திருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள். சாட்சி 12 வயதுக்குக் குறைந்த குழந்தையாக இருந்து, உண்மை பேசுவது தன் கடமை என்று அதற்குப் புரிகிறது, ஆனால் சத்தியப்பிரமாணம் என்றால் என்ன என்று புரியவில்லை என்று நீதிமன்றம் கருதினால், பிரமாணம் இல்லாமலே சாட்சி சொல்லலாம், அது செல்லும். நடைமுறையில் நீதிபதி குழந்தையைப் பக்கத்தில் அழைத்து, எந்தப் பள்ளி, என்ன வகுப்பு, பொய் சொல்லலாமா என்று சாதாரணமாகப் பேசிப் பார்த்து முடிவெடுப்பார். சத்தியம் புரிவதற்கு முன்பே உண்மை புரிந்துவிடுகிறது என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

‘சாமி கண்ணைக் குத்தும்’ என்று சொல்லாமல் குழந்தையை எப்படி வளர்ப்பது?

அப்படிச் சொல்லி வளர்க்கப்பட்ட குழந்தை என்ன செய்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? தம்பியின் மிட்டாயைப் பிடுங்கித் தின்றுவிட்டுக் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது. கண் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அடுத்த முறை தைரியம் கூடுகிறது. தப்பித்தால் தவறில்லை என்ற பாடத்தை நாமே நடத்தி முடித்துவிட்டோம்.

‘பார், தம்பி அழுகிறான்’ என்று காட்டுவது மெதுவாகத்தான் பலிக்கும். ஆனால் அழும் முகம் கண்முன்னே இருக்கிறது. அதைச் சரிபார்க்கச் செத்துப் பார்க்க வேண்டியதில்லை. பக்தியுள்ள நல்ல தாய்மார்களும் நடைமுறையில் இதைத்தான் செய்கிறார்கள். சாமியை அவர்கள் கூப்பிடுவது பொறுமை தீர்ந்த பிறகு.

அப்படியானால் அறவுணர்வு எங்கிருந்துதான் வருகிறது?

கூடி வாழ்ந்த விலங்கு நாம் என்பதிலிருந்து. 2003இல் சாரா பிராஸ்னனும் ஃபிரான்ஸ் டி வாலும் கபூச்சின் குரங்குகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரே வேலைக்கு இரண்டு குரங்குகளுக்கும் வெள்ளரித் துண்டு கொடுத்தவரை சிக்கல் இல்லை. ஒன்றுக்குத் திராட்சை கொடுத்ததும் மற்றது வெள்ளரியை வாங்க மறுத்தது. சில, கையில் வாங்கி வெளியே எறிந்தன. எனக்குக் குறைவாகக் கொடுத்தால் அநியாயம் என்பது குரங்குக்கே தெரிகிறது. அவனுக்குக் குறைவாகக் கொடுத்தாலும் அநியாயம் என்பதற்குத்தான் மனிதன் தேவைப்படுகிறான்; அங்கே மதங்கள் கணிசமாக உழைத்திருக்கின்றன, மதங்களே அதைத் தடுத்தும் இருக்கின்றன.

மதத்தை விட்டவர்கள் எதையாவது இழக்கிறார்களா?

இழக்கிறார்கள். வீட்டில் ஒரு சாவு விழட்டும். மதச் சடங்குள்ள வீட்டில் யார் எதைச் செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். யார் கொள்ளி வைப்பது, யார் அடுப்பு மூட்டாத வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவருவது, எந்த நாளில் மறுபடி கூடுவது என்று எல்லாம் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. பதினாறாம் நாள் வரை ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். நாத்திகர் வீட்டில், உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தானமாக ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்ட மாலையே வீடு வெறிச்சோடிவிடும். உடல்தானம் உயர்ந்த செயல். மாணவர்கள் அந்த உடலை வைத்துத்தான் மருத்துவம் கற்கிறார்கள். ஆனால் அன்றிரவு அந்த வீட்டில் யார் இருப்பார்கள் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. படத்திறப்பு, நினைவேந்தல் கூட்டம் என்று திராவிட இயக்கத்தினர் ஏற்படுத்திக்கொண்டது இந்தக் குறையைப் புரிந்துகொண்டதால்தான். மேடைப் பேச்சின் நீளத்தை மட்டும் குறைத்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

ஒழுக்கத்துக்கும் இதே கதைதான். தனியாக உட்கார்ந்து புத்தகம் படித்துப் பகுத்தறிவாளரான ஒருவர், தவறு செய்யும்போது தடுக்க ஆளில்லாமல் தன் தவறுக்குத் தானே நியாயம் கற்பித்துக்கொள்ளும் அபாயம் அதிகம். படித்தவருக்கு நியாயங்களும் நிறையக் கிடைக்கும். இயக்கமோ, தொழிற்சங்கமோ, வாரா வாரம் கூடும் நண்பர் கூட்டமோ, ஏதாவது ஒன்று வேண்டும். அதில் இருப்பவர்கள் முகத்துக்கு நேரே சொல்கிறவர்களாக இருந்தால் இன்னும் நல்லது.

மதச் சடங்கு இல்லாமல் செய்யும் திருமணம் சட்டப்படி செல்லுமா?

இந்தப் பட்டியலில் இளைஞர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். செல்லும். சுயமரியாதைத் திருமணங்கள் 1928 முதலே நடந்துவந்தன; அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் நடந்ததை முதலாவதாகச் சொல்வார்கள். ஆனால் 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒரு திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சட்டத்தின் கண்ணில் அந்தரத்தில் நின்றன. 1967இல் அண்ணா முதலமைச்சரானதும் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தார். முன்பு நடந்த திருமணங்களும் அதன்படி செல்லுபடியாயின. உறவினர்கள், நண்பர்கள் அல்லது பிறர் முன்னிலையில், இவரைத் துணைவராக ஏற்கிறேன் என்று புரியும் மொழியில் சொன்னால் போதும். மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும் போதும். தாலி கட்டினாலும் சரி. புரோகிதர் தேவையில்லை. இருவருமே சட்டத்தின் பார்வையில் இந்துக்களாக இருக்க வேண்டும் என்பதுதான் வேடிக்கை. முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாத எவருக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்பதால் நாத்திகரும் அதற்குள் வந்துவிடுகிறார். மதம் மாறுபட்ட இணையர் என்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும்.

2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், 7ஏ திருமணத்துக்கு ஊரறிந்த விழா கட்டாயமில்லை, வழக்கறிஞர்களும் நண்பர்கள் என்ற முறையில் முன்னின்று நடத்தலாம் என்று தெளிவுபடுத்தியது. குடும்பத்தின் மிரட்டலுக்குத் தப்பி வரும் சாதி மறுப்பு இணையருக்கு இது உயிர் காக்கும் தீர்ப்பு. அந்த ஆபத்து இல்லாதவர்களுக்கு என் ஆலோசனை வேறு. நகைக்கும் மேடை அலங்காரத்துக்கும் வைத்திருக்கும் பணத்தைப் பந்திக்குத் திருப்பி, முடிந்தவரை நிறையப் பேரைக் கூப்பிடுங்கள். நாளைக்கு உங்களுக்குள் சண்டை வந்தால் சமாதானம் பேச வருகிறவர்களும், நீங்கள் துணைவரை அடித்தால் வாசலில் வந்து நின்று கேட்கிறவர்களும் அன்று சாப்பிட்டவர்களில்தான் இருப்பார்கள். எந்த வழியில் மணந்தாலும் 90 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி அது எல்லோருக்கும் கட்டாயம்.